மச்சானுக்கு வைத்த குரல்

கண் தெரியாதவளை ஏமாற்றுவது சுலபம் என்று நினைப்பவர்கள் மேலகரத்துக்கு வந்து எங்கள் தெருவில் விசாரித்துக்கொள்ளலாம். என் ஒருத்தியை ஏமாற்ற ஒரு தெருவே உழைக்க வேண்டியிருந்தது. பள்ளிவாசல் மைக்கைக்கூட வாய் மூட வைத்தார்கள். அதிலும் பாதி வேலையை நானே அவர்களுக்கு முன்கூட்டிச் செய்து வைத்திருந்தேன். இல்லாவிட்டால் ஒரு வாரம்கூட என்னிடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்கள்.

என் பெயர் ஹுஸ்னா. கல்யாணமாகிச் சில வருசத்தில் ஒரு காய்ச்சல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் வெந்து தோல் உரிந்தது. மற்றதெல்லாம் ஆறியது, கண் ஆறவில்லை. என் புருசன் ரிஃபாத் சார்ஜாவில் கட்டட வேலை பார்ப்பவர். மச்சான் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். என்னைத் தள்ளிவிட்டு வேறு கட்டச் சொல்லிச் சொந்தக்காரர்கள் சிலர் அவர் காதில் ஓதினார்கள். அவர் விடுப்பில் வந்து என்னைப் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டுத்தான் மறுபடி விமானம் ஏறினார். அங்கேதான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு, தென்காசி வக்கீல் ஒருவர் பேசி அனுப்புவதைக் கேட்டு மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன்.

அந்த மென்பொருளோடு ஒரு குரல் சும்மா வரும். மனுசக் குரல் என்று அதைச் சொல்ல முடியாது. மாமி, அதாவது மச்சானின் உம்மா ஆசியா, அதற்குத் தகரத்தொண்டை என்று பேர் வைத்திருந்தாள். "ஏட்டி, அந்தத் தகரத்தொண்டய அமத்து. வீட்டுக்குள்ள ஷைத்தான் ஓதுத மாதிரி இருக்கு" என்பாள். அதை முழு வேகத்தில் ஓடவிட்டுத்தான் நான் வேலை செய்வேன். மற்றவர்கள் காதுக்கு அது தகரக் கூரையில் விழுகிற மழை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். வேலைக்கு அதைப்போல நாணயமான குரல் கிடையாது. கமா இருந்தால் கமா என்று சொல்லும், புள்ளி இருந்தால் புள்ளி என்று சொல்லும். எதையும் மறைக்காது, யாருக்காகவும் குழையாது.

மச்சானின் செய்திகளை அது வாசித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தங்கியிருந்த அறையில் ஷிப்டு முறையில் ஆட்கள் எந்நேரமும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வாய்விட்டுப் பேச முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது மட்டும் ரோட்டில் நடந்தபடியே பேசி அனுப்புவார். மற்ற நாளெல்லாம் எழுத்துதான். "ஒன்ன நெனச்சா ஒறக்கம் வரல" என்று அவர் ஒருநாள் அனுப்பியிருந்தார். அதைத் தகரத்தொண்டை, நாளை மின்தடை என்ற அறிவிப்பை வாசித்த அதே மூச்சில் வாசித்து முடித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்றைக்குத்தான் அவருக்கென்று ஒரு குரல் வைப்பது என்று முடிவு செய்தேன்.

கொழுந்தன் முகம்மது ரபீக் தென்காசியில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நெட்டில் கிடைத்த தமிழ்க் குரல்களையெல்லாம் இறக்கினான்.

முதலில் ஒரு பெண் குரல் வந்தது. "இது வேண்டாம். ரயில் வரப்போவுதுன்னு சொல்லுத மாதிரி இருக்கு" என்றேன்.

அடுத்தது கனத்த ஆண் குரல். "இவரு எம் மச்சானா? இவரு புயல் வருதுன்னு நியூஸ் வாசிக்கவரு. தள்ளு."

"இது இலங்கைத் தமிழ், மதினி. நல்லா மென்மையா இருக்கு" என்றான் ரபீக். அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை மதினி என்பான்.

"நல்ல மனுசனாத்தான் தெரியுதாரு. ஆனா நம்மூர்க்காரர் இல்லயே."

கடைசியில் ஒரு குரல் அகப்பட்டது. லேசாக மூக்கடைத்த மாதிரி, ஒவ்வொரு சொல்லின் வாலையும் கொஞ்சம் இழுக்கிற குரல். சுருதியைக் குறைத்தேன். வேகத்தை இன்னும் குறைத்தேன், ஏனென்றால் என் மச்சான் எதையும் அவசரமில்லாமல் பேசுபவர். ஒரு காதில் அவருடைய பழைய வெள்ளிக்கிழமைப் பேச்சு, இன்னொரு காதில் இந்தக் குரல் என்று மாற்றி மாற்றிக் கேட்டுத் திருகினேன். ஏற்ற இறக்கம் என்று ஓர் அமைப்பு உண்டு, அதையும் தணித்தேன். கமா, புள்ளி சொல்வதை நிறுத்தினேன். சிரிக்கும் முகம், அழும் முகம் என்று படங்களின் பெயர் சொல்வதை நிறுத்தினேன். என் பெயரை அந்தக் குரல் ஸ்கூல் வாத்தியார் வருகைப்பதிவு எடுப்பதுபோல் கூப்பிட்டது. மச்சான் என்னை உசுனா என்றுதான் கூப்பிடுவார். உச்சரிப்பு அகராதியில் போய், என் பெயர் எங்கே வந்தாலும் உசுனா என்று சொல்ல வைத்தேன். மெஷின் வாடை அடிக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். மிச்சம் அவர் மட்டும் இருந்தார்.

கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அந்தக் குரல் வரும், மூடினால் தகரத்தொண்டை திரும்பிவிடும் என்று ரபீக் அமைத்துக் கொடுத்தான். மற்றவர்களோடு பேசப் போன் இருந்தது. கம்ப்யூட்டரில் மச்சான் மட்டும்தான். முதல் செய்தியைச் சத்தமாக வைத்தபோது மாமி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"ரிஃபாத்து வந்துட்டானாட்டி?"

ரபீக் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த வெள்ளிக்கிழமை நான் அதைப் பதிவு செய்து மச்சானுக்கு அனுப்பினேன். "ஏ உசுனா, இது நானா? சளி புடிச்ச கெழவன் மாதிரில்லா இருக்கு" என்று ரோட்டில் நின்று சிரித்தார். பின்னால் வண்டிகள் போகிற சத்தம்கூட அதில் பதிவாகியிருந்தது.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். மூன்றாவது தடவை. முதலாவது பாதியிலேயே போய்விட்டது. இரண்டாவது, கண் போவதற்கு முந்தி, மாதம் நிறைந்து உயிரில்லாமல் பிறந்தது. பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்வதற்காக மச்சான் தொழுகைக்குப் போல் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டு பிரசவ அறைக்கு வெளியே நின்றிருந்தார். ஈரக் கையோடு நின்றவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு மாமி சொன்னாள். அதனால் இந்தத் தடவை அவர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "பிரசவத்துக்கு வந்துருவேன். இந்தப் புள்ளைக்குப் பாங்கு நாந்தான் சொல்லுவேன்." எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. பிள்ளை உயிரோடு வரவேண்டும், அவர் வந்து அதன் காதில் பாங்கு சொல்லவேண்டும். டாக்டரம்மா ரத்தக் கொதிப்பு ஏறக்கூடாது, மனசு பதறக்கூடாது என்று மாமியிடம் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

நோன்புப் பெருநாளைக்கு முந்தி ஒருநாள் காலையில் என்னை அவசரமாக ஆட்டோவில் ஏற்றி இலத்தூரில் என் உம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமிக்கு அம்மை கண்டிருக்கிறதாம், வயிற்றுப்பிள்ளைக்காரி பக்கத்தில் இருக்கக்கூடாதாம். உம்மா வீட்டில் நெட் சரியாக எடுக்காது. மச்சானுக்கு அனுப்பியதெல்லாம் போகாமல் நின்றது. உம்மா என்னோடு பேசும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சினாள், சளி என்றாள். பெருநாளைக்கு எனக்கு மருதாணி வைக்கவில்லை. அதைக் கேட்டுச் சண்டை போடலாம் என்றிருந்தபோதே, அம்மை இறங்கிவிட்டது என்று ரபீக்கின் சிநேகிதன் ஆட்டோவோடு வந்து நின்றான். அம்மை கண்டவள் இவ்வளவு சீக்கிரம் எழுந்தாளா என்று நான் யோசித்திருக்க வேண்டும். மச்சானின் செய்தி வந்திருக்கும் என்ற அவசரத்தில் யோசிக்கவில்லை.

வந்திருந்தது. "ஹுஸ்னா, எப்படி இருக்கே? வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க. போன்ல மைக் போயிட்டு. இனிமே எழுத்துதான். மாத்திரை ஒழுங்கா போடு." மூக்கடைத்த குரலில், வாலை இழுத்து, உசுனா என்று ஆரம்பித்து என் மச்சான் சொன்னார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

அதற்குப் பிறகு வீடு மாறியது. என் கண்ணாடி வளையல்களை மாமி கழற்றினாள். "மாசம் ஏற ஏறக் கை வீங்கும். பொறவு ஒடச்சுத்தான் எடுக்கணும்." மச்சான் வாங்கித் தந்த அத்தர் குப்பியை எடுத்துக்கொண்டு போனாள். "வாந்தி வரும்." வாசல்படி தாண்டக்கூடாது, டாக்டரிடம் மட்டும் ஆட்டோவில் போய் ஆட்டோவில் வரவேண்டும். என் அறைக் கதவில் கனமான திரை ஒன்று தொங்கியது. என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து குரல் தேடித் தந்த ரபீக், இப்போது திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசினான். "வயசுப் பய, நாலு பேரு பேசுவாங்க" என்றாள் மாமி. இத்தனை நாள் பேசாத நாலு பேர் இப்போது எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டேன். அவள் திரையை இன்னும் இழுத்துவிட்டாள்.

சாரல் தொடங்கியது. குற்றாலத்துக் காற்று ஜன்னல் வழியாக ஈரத்தோடு வந்து முகத்தில் அடிக்கும். கண் போன பிறகும் ஒவ்வொரு சீசனுக்கும் மச்சானோ ரபீக்கோ என்னையும் மாமியையும் ஐந்தருவிக்குக் கூட்டிப் போவார்கள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் எனக்கு இடமெல்லாம் தெரியும், அங்கே நான் குருடி இல்லை. இந்த வருசம் படியில் நின்று சாரல் பட்டுவிட்டு வருகிறேன் என்றேன். மாமி முடியாது என்றாள். நான் தட்டை நகர்த்திவிட்டுச் சாப்பிடாமல் இருந்தேன். மச்சானிடம் புகார் செய்தேன்.

"டாக்டர் சொன்னா கேக்கணும் ஹுஸ்னா."

"நீங்களும் ஒங்க உம்மா கூடச் சேந்துட்டீங்களா? நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?"

"கோவப்படாத. ஒடம்பப் பாத்துக்க."

என் மச்சானுக்கும் எனக்கும் சண்டை போடத் தெரிந்த அளவுக்கு வேறு எதுவும் தெரியாது. நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். "ஒன் வாய்க்குப் பயந்துதாம்ட்டி நான் பாலைவனத்துல கெடக்கேன்" என்பார். பிறகு அவரே இறங்கி வருவார். இந்த மனுசர் சண்டைக்கே வரமாட்டேன் என்கிறார். நான் வேண்டுமென்றே சீண்டினேன். உங்கள் குடும்பமே அப்படி, உங்கள் தம்பி ஒரு மண்ணாந்தை என்று எழுதினேன். நெடுநேரம் கழித்து "சரி ஹுஸ்னா" என்று வந்தது. பிள்ளை உண்டானதால் மனுசர் கனிந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் மனசில் ஒரு மூலையில் எனக்குப் பிடிக்கவில்லை. கனிந்த மச்சான் எனக்கு வேண்டியதில்லை.

மாமியும் மாறியிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். "ஏட்டி, அவன் என்ன சொல்லுதான்னு வையி. கேப்போம்." ஷைத்தான் என்று திட்டிய பெட்டிக்கு முன்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பாள். அந்தக் குரல் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்கும். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வது துணியின் சரசரப்பில் தெரியும். "இன்னொரு தடவ வையி" என்பாள். மகனைப் பார்க்க ஏங்குகிறாள் என்று நினைத்தேன். அது சரிதான். வேறு எதுவும்தான் சரியில்லை.

ஆவுடைத்தாய் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள். என்னைக் கேலி செய்யாமல் பால் செம்பைக் கீழே வைக்கமாட்டாள். "ஏ கலெக்டரம்மா, இன்னைக்கு எத்தன மனு?" என்பாள். கொஞ்ச நாளாக அவளும் கேலியை நிறுத்தியிருந்தாள். அன்று மாமி கொல்லையில் இருந்தாள், நானே செம்பை வாங்கப் போனேன். ஆவுடைத்தாயின் விரல் என் மணிக்கட்டில் பட்டது. விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"மொட்டக் கையா வச்சிருக்காளுவளே, வயித்துல புள்ளையோட" என்றாள். "ஒனக்கா தாயி இப்படி வரணும்."

"எப்படி வரணும்? என்ன ஆச்சு அக்கா?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சாரல் அடிக்கி, உள்ள போ" என்று செருப்பு சறுக்க வேகமாகப் போய்விட்டாள்.

நான் பால் செம்போடு அங்கேயே நின்றேன். மொட்டைக் கை. என் வாப்பா மவுத்தானபோது உம்மாவின் கையைத் தொட்டது ஞாபகம் வந்தது. அப்போது எனக்குக் கண் இருந்தது. உம்மா ஓர் அறைக்குள் இத்தா இருந்தாள். வளையல் இல்லை, மருதாணி இல்லை, அத்தர் இல்லை. வாசல் தாண்டவில்லை. அறை வாசலில் திரை தொங்கியது. சித்தப்பாகூட திரைக்கு வெளியே நின்றுதான் பேசினார். புருசன் செத்தவள் இருக்கவேண்டிய இருப்பு அது. வயிற்றில் பிள்ளை இருந்தால் பிள்ளை பெறும்வரை இருக்கவேண்டும்.

செம்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. பால் காலில் கொட்டியது. மாமி கொல்லையிலிருந்து "என்னட்டி சத்தம்?" என்றாள். "ஒண்ணுமில்ல மாமி, கைதவறிட்டு" என்றேன். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் இன்னொரு அம்மையைக் கண்டுபிடிப்பாள். மச்சான் இல்லை என்றால் அவர் பேரில் எனக்குப் பதில் அடிப்பது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி தெரிந்தது. வெள்ளிக்கிழமைவரை பொறுத்தேன். அந்த நாட்களில் வயிற்றில் கைவைத்துக்கொண்டு, நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும், என் புத்தி கெட்டதாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ரபீக் ஜும்மா முடிந்து வந்து திரைக்கு அந்தப் பக்கம் சாப்பிட உட்கார்ந்தான். மாமி அவனுக்குப் பரிமாறிவிட்டு வழக்கம்போல் என் கட்டிலுக்கு வந்தாள். "அனுப்பிட்டானா?"

"இன்னும் இல்ல மாமி. நான் கேக்கேன்." நான் அடிப்பதை எழுத்து எழுத்தாகச் சொல்லும் வசதியை முன்பே நிறுத்தியிருந்தேன். மச்சான், சாப்பிட்டீங்களா என்று அடித்து அனுப்பினேன்.

திரைக்கு அந்தப் பக்கம் மரபெஞ்சின் மேல் ஒரு போன் உர்ரென்று அதிர்ந்தது.

தற்செயலாக இருக்கலாம். மொபைல் கடைக்காரன், எத்தனையோ பேர் கூப்பிடுவார்கள். தட்டில் விரல் படுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் என் மடியிலிருந்து மச்சான் பேசினார். "சாப்டுதேன் உசுனா. நீ சாப்டியா?"

என்ன சாப்பாடு என்று கேட்டேன். மறுபடி உர்ரென்றது.

"மீன்கொழம்பு" என்றார் மச்சான்.

வீடு முழுக்க மாமி வைத்த மீன்குழம்பு வாசனை நிறைந்திருந்தது. பக்கத்தில் மாமி மெதுவாக மூச்சை இழுத்துவிட்டாள். நான் தப்பில்லாமல் அடித்தேன். வக்கீலுக்கு மனு அடித்துப் பழகிய விரல்கள். ரபீக், ஒங்க அண்ணன் மவுத்தாயிட்டாங்களா?

போன் அதிர்ந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. தண்ணீர் குடிக்கவில்லை, எழுந்திருக்கவில்லை, மூச்சுக்கூடக் கேட்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். இத்தா இருப்பவளின் அறைக்குள் அவன் வரக்கூடாது. அதனால் அங்கேயே உட்கார்ந்து அடித்தான்.

"ஆமா மதினி" என்றார் என் மச்சான்.

மாமியின் உடம்பு கட்டிலில் துள்ளியது. செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூக்கடைத்த குரல், அவசரமே இல்லாமல், சொல்லின் வாலை இழுத்து இழுத்துச் சொன்னது. "பெருநாளைக்கு முந்தி. சாரத்துல இருந்து அண்ணன் விழுந்துட்டாங்க. அங்கனயே அடக்கிட்டாங்க. ஊருக்கு வந்த ஆளு அண்ணன் சாமானோட போனயும் கொண்டாந்து குடுத்தாரு. உம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க மதினி. புள்ளைக்கி ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான். மன்னிச்சிருங்க மதினி."

தான் செத்ததை என் மச்சான் தன் வாயாலேயே என்னிடம் சொன்னார். என்னை மதினி என்று கூப்பிட்டுச் சொன்னார். உசுனா என்று சொல்ல நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மதினி என்று சொல்ல நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

என்னால் அழமுடியவில்லை. அவர் குரல் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் செத்துவிட்டார் என்று எந்த மனசு ஒத்துக்கொள்ளும்? அமைப்புகளைத் திறந்தேன். அந்தக் குரலை நிறுத்தித் தகரத்தொண்டையைப் போட்டேன். முதல் செய்தியிலிருந்து வாசிக்க வைத்தேன். அது முழு வேகத்தில், குழையாமல், புள்ளி கமாவோடு வாசித்தது. அண்ணன் விழுந்துட்டாங்க புள்ளி. அங்கனயே அடக்கிட்டாங்க புள்ளி. அது யாருடைய வாயும் இல்லை. அதனால் அது சொன்னதை நம்பினேன். அப்புறம் நான் போட்ட சத்தத்தில் தெருவில் ஆட்கள் கூடினார்கள். கூடியவர்களுக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

மாமி என் காலைப் பிடித்துக்கொண்டாள். "பள்ளிவாசல் அசரத்துட்ட கேட்டேம்ட்டி. அவளுக்குத் தெரியாட்டாலும் இத்தா நடக்கும்னு சொன்னாரு. மைக்கில மவுத்துச் சேதி சொல்லாதீங்கன்னு ஜமாத்துல போயி அழுதேன். எம் மவன் போயிட்டான். அவன் புள்ளையாவது எனக்கு வேணாமாட்டி?"

"நான் அழ வேண்டிய அழுகையெல்லாம் நீங்க தெருவோட சேந்து அழுது முடிச்சிட்டீங்க" என்றேன். "எனக்குன்னு என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?"

அவள் என் காலை விடவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் ரபீக் ஒரு ஆண்பிள்ளை அழக்கூடாத மாதிரி அழுதுகொண்டிருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அத்தனை மாதமும் அண்ணன் போனைப் பையில் வைத்துக்கொண்டு, கடையில் நின்றபடி, என் சண்டைகளுக்கெல்லாம் சரி என்று பதில் அடித்தவன். மண்ணாந்தை என்று நான் எழுதியதை வாசித்தவனும் அவன்தான்.

அன்றைக்கே எனக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி போட்டு நிறுத்தினார்கள். அதற்கப்புறம் பிள்ளை நிலைக்குமா என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. நான் சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், இத்தா இருந்தேன். தெரிந்தே இருந்தேன். மாமியிடம் அதிகம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவாள். வாசிக்க ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவாள்.

சாரல் ஓய்ந்த பிறகு பெண்பிள்ளை பிறந்தது. குறைமாதம், எடை கம்மி, ஆனால் அழுதது. அது அழுத அந்த நேரத்தோடு என் இத்தா முடிந்தது. பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் போட்டதும் மாமி வந்து என் கையை எடுத்தாள். பழைய கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். பையிலிருந்து எதையோ எடுத்து என் மடியில் வைத்தாள். தொட்டேன். என் லேப்டாப்.

"ஏட்டி, பாங்கு நாந்தான் சொல்லுவேன்னு சொன்னாம்லா" என்றாள் மாமி. "அந்தக் கொரல நீ அழிக்கலன்னு ரபீக் சொன்னான். அதுல அடிச்சு வையி. ஒரே ஒரு தடவ. புள்ள காதுல அவன் சொல்லட்டும்."

நான் அழிக்கவில்லைதான். சுருதி, வேகம், ஏற்ற இறக்கம் எல்லாம் நான் வைத்தபடி இருந்தன. என் விரல்கள் மூடியின் விளிம்பைத் தேடின. அடித்து வைத்தால் சொல்லும். மூக்கடைத்தபடி, வாலை இழுத்து, அவர் மாதிரியே சொல்லும். ஒளுச் செய்த ஈரக் கையோடு சுவரோரம் உட்கார்ந்த மனுசர் இந்தத் தடவை சொல்லிவிட்டார் என்று நானும் மாமியும் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பிள்ளை என் விலாப்பக்கம் அசைந்தது.

"வேண்டாம் மாமி" என்றேன். "மவுத்தான பொறவும் அவுக பேசுனது போதும். ரபீக்கக் கூப்பிடுங்க."

அவன் வந்தான். திரையில்லாமல், பல மாதங்களுக்குப் பிறகு, என் கட்டில் பக்கத்தில் நின்றான். கையில் ஒளுச் செய்த தண்ணீர் சொட்டியது. பிள்ளையின் வலது காதுப்பக்கம் குனிந்து ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் குரல் உடைந்து நின்றுவிட்டான்.

"சொல்லு ரபீக்" என்றேன்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.